படிவத்துக்கு முன்னால் மகளிடம் பேசுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

சனிக்கிழமை போனில் பேசும்போது இரண்டு தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். மகள் பக்கத்து அறையில் இருக்கிறாள் என்றீர்கள். உங்கள் கணவருடைய ஹெச்-1பி விசா வேலை போய், இங்கே தங்க அனுமதித்த ஐ-94 தேதியும் தாண்டி ஏழு வருஷம் ஆகிவிட்டது என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் கேட்டது காலேஜ் பணத்தைப் பற்றி. நான் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: இந்தக் கோடை விடுமுறைக்குள் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

எப்போதாவது சொல்லத்தானே போகிறோம் என்று தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் ஒரு படிவம். செப்டம்பரில் அவள் 12ஆம் வகுப்பு. நியூஜெர்சியில் 2024 ஜனவரியில் வந்த சட்டப்படி, பள்ளியை முடிக்கும் பிள்ளைகள் நிதியுதவி விண்ணப்பம் ஒன்றைப் போட வேண்டும், இல்லையென்றால் விலக்குப் படிவம் கொடுக்க வேண்டும். பள்ளிகளில் ஒரு மாலை எல்லோரையும் லேப்டாப் முன்னால் உட்கார வைத்து ஃபாஃப்ஸா என்னும் மத்திய அரசின் நிதியுதவிப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அதில் குடியுரிமை பற்றிய கேள்வி வரும். ஏழு வயதில் இங்கே வந்து, தினமும் காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்லி வளர்ந்த பெண், யோசிக்காமல் 'அமெரிக்கக் குடியுரிமை உண்டு' என்று தட்டிவிடுவாள். அமெரிக்கக் குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டால், பின்னால் அவளுக்கு கிரீன் கார்டுக்கு ஏதாவது வழி பிறந்தாலும் அந்த ஒரு டிக் குறுக்கே நிற்கும். 1996ஆம் வருஷச் சட்டம் அது. மற்ற எத்தனையோ தவறுகளுக்கு மன்னிப்பு மனு உண்டு, இதற்கு அநேகமாகக் கிடையாது.

ஃபாஃப்ஸா அவளுக்கான படிவமே அல்ல. பெல் கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத மத்திய அரசின் உதவித்தொகை), மத்திய அரசின் கடன், வொர்க்-ஸ்டடி (படித்துக்கொண்டே பார்க்கும் பகுதிநேர வேலை) மூன்றும் அவளுக்கு இல்லை. டாக்கா பற்றிக் கேட்டீர்கள் (வங்கதேசத் தலைநகர் இல்லை, சின்ன வயதில் வந்து ஆவணம் இல்லாமல் இருப்பவர்களுக்காக 2012ல் ஒபாமா கொண்டுவந்த திட்டம்). 2007 ஜூன் 15க்கு முன்பே இங்கே வந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உங்கள் மகள் பிறந்ததே 2009ல். அதைப் பற்றி யாராவது காசு வாங்கிக்கொண்டு பேசினால் போனை வைத்துவிடுங்கள்.

பணம் இருப்பது மாநிலத்திடமும் கல்லூரிகளிடமும். நியூஜெர்சியில் 2013லிருந்து, இங்கே மூன்று வருஷம் ஹைஸ்கூல் படித்து இங்கேயே முடித்தவர்களுக்கு, ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் உரிமை) இல்லாவிட்டாலும், அரசுக் கல்லூரிகளில் இன்-ஸ்டேட் கட்டணம்தான், அதாவது உள்மாநிலப் பிள்ளைகளுக்கான குறைந்த கட்டணம். 2018லிருந்து மாநில நிதியுதவியும் உண்டு. ஃபாஃப்ஸாவுக்குப் பதிலாக அவள் நிரப்ப வேண்டியது ஹெசா என்னும் மாநில அமைப்பின் 'நியூஜெர்சி ஆல்டர்நேட்டிவ் ஃபைனான்ஷியல் எய்ட் அப்ளிகேஷன்'. பள்ளி கேட்கும் அந்த விண்ணப்பக் கணக்கிலும் இது சேரும். ஸ்டேட்டஸுக்கு வழி கிடைத்ததும் விண்ணப்பிப்பேன் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். டேக் என்கிற ட்யூஷன் எய்ட் கிராண்ட் இந்த ஒரே விண்ணப்பத்தில் வரும்.

கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருஷ உள்ளூர் அரசுக் கல்லூரி) என்றதும் நீங்கள் சற்று மௌனமானீர்கள். நம் ஆட்களிடம் எனக்குப் பழக்கமான மௌனம்தான் அது, நியூஜெர்சி அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் என்றால்கூட முகம் சுளிப்பவர்கள் உண்டு. கணக்கை மட்டும் பாருங்கள். குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்தால், கம்யூனிட்டி காலேஜ் ஆப்பர்சூனிட்டி கிராண்ட் மூலம் அங்கே ட்யூஷனும் கட்டணங்களும் கிட்டத்தட்ட முழுக்க அடைபட்டுவிடும். இரண்டு வருஷம் வீட்டிலிருந்தே போய்ப் படித்து, பிறகு நான்கு வருஷக் கல்லூரிக்கு மாறலாம். கடைசியில் கையில் வாங்கும் பட்டம் அந்தக் கல்லூரியுடையதுதான். இந்தத் தொகைகள் வருஷா வருஷம் மாநில பட்ஜெட்டைப் பொறுத்தவை, அதனால் விண்ணப்பம் திறந்ததுமே போட்டுவிட வேண்டும்.

அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்தால் தனியார் கல்லூரிகளையும் விட வேண்டாம் என்பேன். பிரின்ஸ்டன் 2001லேயே கடனைத் தூக்கிவிட்டு உதவி முழுவதையும் கிராண்டாகக் கொடுக்கத் தொடங்கியது. ஸ்டேட்டஸ் இல்லாத பிள்ளைகளுக்கும் அதே கணக்கு. இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அதற்குக் கீழே இருக்கும் சிறிய கல்லூரிகளில்தான் விசாரிக்க வேண்டும். ஸ்வார்த்மோர், பொமோனா போன்ற சில, அமெரிக்க ஹைஸ்கூலில் படித்த பிள்ளையை ஸ்டேட்டஸ் எதுவானாலும் உள்நாட்டு மாணவராகவே நடத்துகின்றன. வேறு சில இன்டர்நேஷனல் பட்டியலில் போட்டுவிட்டு மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும். உங்களிடம் அது இருக்காது, அவளுக்கு ஐ-20யும் தேவையில்லை. எனவே ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் செய்து, பெயர் சொல்லாமல், "இங்கே ஹைஸ்கூல் படித்த, டாக்கா இல்லாத பிள்ளையை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள், உங்கள் சொந்த நிதியிலிருந்து உதவி உண்டா" என்று கேட்க வேண்டும். அதை நானே செய்கிறேன். தனியார் கல்லூரிகள் பல தங்கள் நிதியுதவிக்குக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற விண்ணப்பத்தை சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலே போடலாம். தனி ஸ்காலர்ஷிப்களில், ஸ்டேட்டஸ் இல்லாதவர்களுக்கென்றே இருக்கும் 'தட்ரீம் டாட் யுஎஸ்'ஸை முதலில் பாருங்கள்.

டல்லாஸில் தம்பி இருக்கிறார், வாடகை குறைவு, அங்கே போய்விடலாமா என்றீர்கள். இப்போது வேண்டாம். 2001ல் இன்-ஸ்டேட் கட்டணத்தை முதன்முதலில் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டதே டெக்சாஸ்தான். 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்டது, மாநிலம் எதிர்த்துக்கூட நிற்கவில்லை, அன்றைக்கே நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஃபுளோரிடாவும் 2014ல் கொடுத்ததை 2025 ஜூலையில் எடுத்துக்கொண்டது. மின்னசோட்டா, இல்லினாய், கலிஃபோர்னியா மீதும் வழக்குகள் வந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது அல்லவா? அவள் பள்ளியை இங்கே முடிக்கும்வரை வீட்டை மாற்றாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 18 வயது நிறையும்வரை சட்டவிரோதமாகத் தங்கிய நாட்கள் அவள் கணக்கில் ஏறாது. பிறந்தநாளிலிருந்து ஏறத் தொடங்கும். 180 நாளைத் தாண்டிய பிறகு நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர மூன்று வருஷத் தடை, ஒரு வருஷத்தைத் தாண்டினால் பத்து வருஷம். ஆகவே ஊரில் படிக்க வைப்பது பற்றி ஒரு ஓரத்தில்கூட யோசனை இருந்தால், அதற்குக் கெடு இருக்கிறது. வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்கு டாசா என்னும் நேரடிச் சேர்க்கைத் திட்டம் வழியாகத் திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் இடம் உண்டு, ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். ஆனால் அங்கிருந்து எஃப்-1 மாணவர் விசா வாங்கித் திரும்பி வருவது சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். போவதா இருப்பதா என்பதை முறையான குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

பட்டம் வாங்கினாலும் வொர்க் பெர்மிட் வராதே என்ற உங்கள் கணவருடைய கேள்வி நியாயமானது. நான் மழுப்பப்போவதில்லை: இன்றைய நிலையில் வராது. நியூஜெர்சி 2020ல் நர்சிங் போன்ற தொழில்களுக்கான உரிமத்தை ஸ்டேட்டஸ் பார்க்காமல் தரச் சட்டம் செய்தது, ஆனால் உரிமம் வேறு, வேலை அனுமதி வேறு. அவள் எந்தப் பாடம் எடுப்பது என்று பேசும்போது இதையும் மேஜை மேல் வைத்தே பேச வேண்டும். எல்லை தாண்டினாலும் செல்லுபடியாகும் படிப்பாகப் பார்ப்பேன்.

இங்கே பிறந்த சின்னவனைப் பற்றிக் கவலை வேண்டாம். அவன் குடியுரிமை உள்ளவன், அவனுக்கு ஃபாஃப்ஸா உண்டு. அதில் பெற்றோர் விவரமும் போக வேண்டியிருக்கும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி கவுன்சிலரிடம் வாயால் சொல்லலாம். இமெயிலில் எழுத வேண்டாம். மாணவர் தகவலைப் பாதுகாக்க 1974லிருந்து சட்டம் இருக்கிறது, ஆனால் நீதிமன்ற உத்தரவு வந்தால் பள்ளி கொடுத்தாக வேண்டும்.

அடுத்த முறை பேசும்போது 9ஆம் வகுப்பிலிருந்து அவளுடைய டிரான்ஸ்கிரிப்டும், கடைசி இரண்டு வருஷ வரித் தாள்களும் கையில் இருக்கட்டும். போனை ஸ்பீக்கரில் போடுங்கள். அவளும் பக்கத்தில் உட்காரட்டும்.