டிகிரி முடித்தவன் பார்சல் டெலிவரி வேலைக்குப் போகலாமா? ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? சும்மா வண்டி ஓட்டுவதுதானே?

அந்த 'சும்மா' மட்டும் கேள்வியில் இல்லாமல் இருந்திருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஏழு வருஷமாகக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பார்சல் வண்டி ஓட்டுகிறேன். பளுகல், இடைக்கோடு, மேல்புறம், களியக்காவிளை, இதுதான் என் லைன். அதற்கு அப்பால் பாறசாலை, கேரளா. நானும் பி.காம். முடித்தவன்தான். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் படிப்பு முடிந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கும், ஏதோ ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள், ஏதாவது கல்யாண வீட்டில் சொந்தக்காரர் யாராவது "இப்போ என்ன பண்றே" என்று கேட்டிருப்பார். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது, அதனால் அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலை 4.45க்கு எழுந்தால்தான் 5.45க்கு மார்த்தாண்டம் ஹப்பில், அதாவது பார்சல் வந்து பிரிகிற கிடங்கில், நிற்க முடியும். பெரிய லாரி வந்து மூட்டை இறங்கும். மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு பார்சலாக ஸ்கேன் செய்து லைன் வாரியாகப் பிரிக்க வேண்டும். சாதாரண நாளில் எனக்கு 85, 90 வரும், ஓணம் தீபாவளி நேரத்தில் 130 தாண்டும். அப்புறம் லோடு ஏற்றுவது. கடைசியாகக் கொடுக்க வேண்டிய பார்சல் முதலில் உள்ளே போக வேண்டும். இதில் ஒன்று இடம் மாறினால் மத்தியான வெயிலில் நடுரோட்டில் பாதி வண்டியை இறக்கி ஏற்ற வேண்டியதுதான். ஆப் ஒரு வரிசை போட்டுத் தரும், ஆனால் அதற்குச் சானலும் (பாசன வாய்க்கால்) தெரியாது, படிக்கட்டும் தெரியாது. மேப்பில் அடுத்தடுத்து நிற்கிற இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு பெரிய இறக்கம் இருக்கும், வண்டியைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு கிலோமீட்டர். அதனால் நானே ஸ்கெட்ச் பேனாவில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் நம்பர் போட்டு, பக்கத்தில் 'குருசடி மேலே', 'ரேஷன் கடை பின்னால்' என்று எழுதிக்கொள்வேன். வண்டி ஹப்பை விட்டுக் கிளம்ப 8.30 ஆகிவிடும். அதாவது ஒரு வீட்டுக்கும் போகாமலே கிட்டத்தட்ட மூன்று மணி நேர வேலை முடிந்திருக்கும்.

இனிமேல்தான் உண்மையான வேலை, அது வண்டி ஓட்டுவது இல்லை, வீடு கண்டுபிடிப்பது. எங்கள் பக்கம் தெருப்பெயர், கதவு எண் எல்லாம் பஞ்சாயத்து ரசீதில் மட்டும்தான். அட்ரஸ் என்றால் வீட்டுப் பெயரும், அது நிற்கிற தோட்டத்தின் பெயரும்தான், தோட்டத்தை இங்கே விளை என்போம். 'புத்தன்வீடு' என்று ஒரு பெயர் வரும். யாரோ ஒரு தாத்தா புதிதாகக் கட்டியபோது வைத்த பெயர், வீடு இடிந்து பேரப்பிள்ளைகள் நாலு வீடு கட்டிய பிறகும் நாலும் புத்தன்வீடுதான். மேலே புத்தன்வீடு, தெற்கே புத்தன்வீடு என்று திசை சேர்த்தால் கொஞ்சம் பிழைத்தோம், சேர்க்காவிட்டால் போன் போட வேண்டும், போனை எடுக்காவிட்டால் டீக்கடையில் கேட்க வேண்டும். டீக்கடைக்காரர் தகப்பன் பெயரைக் கேட்பார், பார்சலில் இருப்பது மருமகள் பெயராக இருக்கும்.

பின்கோடு தனிக் கதை. எங்கள் மாவட்டத்துக்கு 629, தாண்டினால் திருவனந்தபுரம் 695. காகிதத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! தரையில் அப்படி ஒரு கோடு கிடையாது. பளுகல் பக்கம், பனச்சமூடு பக்கம் எல்லாம் ஒரே சந்துக்குள் மாநிலம் மாறும், சுவரில் ஒட்டிய போஸ்டர் எந்த எழுத்து என்று பார்த்துத்தான் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சிதானே. அண்ணன் வீடு இங்கே, தங்கை வீடு அங்கே. தங்கை அண்ணன் அட்ரஸைப் போட்டுவிட்டு "சேட்டா, இங்கோட்டு வருமோ", அண்ணே இந்தப் பக்கம் வருவீங்களா என்று, என்னிடம் போனில் கேட்பார். இருநூறு மீட்டர்தான், ஆனால் மேப்பில் என் புள்ளி அடுத்த பின்கோடில் நின்றுகொண்டு 'டெலிவர்டு' போட்டால் மறுநாள் விளக்கம் கேட்பார்கள். வர முடியாது என்றால் திமிர் என்பார்கள்.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். நீங்கள் கேட்ட 'ஒரு நாள்' இல்லை, மூன்று நாள் நடந்தது.

போன வருஷம் ஒரு புதன்கிழமை, மழைக்காலம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், வீட்டில் வைத்து மூச்சுக்குக் கொடுக்கிற மெஷின். பெட்டியோடு பதினேழு, பதினெட்டுக் கிலோ இருக்கும். வீடு நெய்யாறு இடதுகரைச் சானலுக்குக் கீழே. அந்தச் சானலுக்கு 2004லிருந்து கேரளா தண்ணீர் விடுவதில்லை, அதனால் அதன் கரைதான் இப்போது ஊர்க்காரர்களுக்கு நடைபாதை. வண்டியை மேலே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துச் சானல் கரையில் நடந்து, பிறகு செம்மண்ணில் வெட்டிய இருபது முப்பது படி இறங்க வேண்டும். வழுக்கல். இறங்கிப் போனால் முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காயப் போட்டிருக்கிறது, அந்தப் புளிச்ச வாடை, உள் அறையில் ஒரு பெரியவர் வாடகைச் சிலிண்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். அம்மச்சி ஒருவர் ஓடி வந்தார். விலை கூடின பொருள், ஓடிபி சொன்னால்தான் கொடுக்க முடியும். ஓடிபி யாருடைய போனுக்கு வரும்? ஆர்டர் போட்டது மகன், அவர் சவுதியில் தம்மாமில் இருக்கிறார்.

"அவனுக்க போனுக்குல்லா மக்களே வரும், அவன் இப்போ பணியில நிப்பானே."

இங்கே 11.30 என்றால் அங்கே 9 மணி. சைட்டில் நிற்கிறவர் போனை எடுக்க மாட்டார். அரை மணி நேரம் நின்றேன். வண்டியில் அறுபது பார்சல் மிச்சம். பெட்டியைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். பெரியவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின் வீட்டு முற்றம் வரை வந்து திரும்பிப் போகிறது, கொண்டு போகிறவன் நான். எனக்கு வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே ஒருவர் வந்து "ஓடிபி இல்லாமலே கொடுத்திருக்கலாமே, மனிதாபிமானம் இல்லையா" என்று எழுதுவார், தெரியும். கொடுத்தால் சிஸ்டத்தில் அது நான் தொலைத்த பொருள். நாற்பதாயிரத்துக்கு மேல் என் கணக்கில் ஏறும், அது எனக்கு மூன்று மாத வண்டித் தவணை. கொடுத்துவிட்டுப் பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் அந்தத் தவணையைக் கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வியாழனும் அதே கதைதான். அன்றைக்குப் பெட்டியைத் தூக்காமல் முதலில் நான் மட்டும் இறங்கிப் போய்க் கேட்டேன். மகன் போனை எடுக்கவில்லை. மூன்றாவது முயற்சியும் போனால் பார்சல் திரும்ப அனுப்பியவருக்கே போய்விடும், பணம் திரும்பி வர எத்தனை நாளோ. படி ஏறும்போதுதான் உறைத்தது, நாளைக்கு வெள்ளி. அங்கே வெள்ளிக்கிழமை லீவு. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பையனைப் பிடித்து அந்த அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னேன்: நாளைக்கு நம்ம நேரம் 12 மணிக்குப் பார்சல் வரும், போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் வரிசைப்படி அந்த வீட்டுக்கு நான் பத்து மணிக்கே போக வேண்டும். பத்து மணிக்கு அங்கே 7.30, வாரம் முழுக்க வேலை பார்த்தவர் அசந்து தூங்குவார். அதனால் வரிசையை மாற்றினேன். மாற்றினால் ஹப்பில் சிவப்பில் காட்டும், காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். சரியாக 12 மணிக்குப் பெட்டியை இறக்கி முற்றத்தில் வைத்தேன். பையன் வீடியோ கால் போட்டுத் தந்தான். மகன் ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், நான் அடித்தேன், பச்சை வந்தது. அதோடு என் வேலை முடிந்தது. ஆனால் அவர் "அண்ணே, ஒரு நிமிஷம், அப்பாவைக் காட்ட முடியுமா" என்றார். போனைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பெரியவர் பேசவில்லை, கையை மட்டும் தூக்கினார். அம்மச்சி பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே மகனிடம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். எட்டாயிரம் என்றார் மகன். அம்மச்சி நம்பவில்லை. என்னைப் பார்த்து, "மக்களே, அந்தச் சீட்டில எவ்வளவு ரூவான்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். சீட்டு என் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. "நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம் அம்மச்சி, அவரு அங்கேயே கட்டியாச்சு" என்றேன். போனில் மகன் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மச்சி கட்டன்சாயா போட்டுத் தந்தார், நின்றுகொண்டே குடித்துவிட்டுப் படி ஏறினேன்.

அன்றைக்கு ஹப்புக்குத் திரும்பும்போது 7.40. பதினொரு பார்சல் கொடுக்காமல் மிச்சம். வரிசை ஏன் மாற்றினாய், இவ்வளவு ஏன் மிச்சம் என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். சொன்னேன். அந்தக் காரணத்துக்கு ஆப்பில் பட்டன் கிடையாது.

"டெலிவரிக்காரர்கள் வராமலே 'ஆள் இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள், அதற்கு என்ன சொல்கிறாய்" என்பதுதான் அடுத்து வரும். எல்லாருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை, போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கொடுத்த பார்சலுக்குத்தான் எங்களுக்குக் காசு. திரும்பிக் கொண்டுபோன பார்சலுக்கு டீசலும் போச்சு, தோளும் போச்சு, ஒரு பைசா கிடையாது. ஏழு மணிக்குள் ஆப்பை மூடு என்று நெருக்கும்போது, இருபது பார்சல் மிச்சம் இருக்கிறவன் கை எந்தப் பட்டனுக்குப் போகும்? செய்வது சரி என்று சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ரோடு. மலையை உடைத்த கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் வரிசையாகக் கேரளாவுக்குப் போகின்றன, பத்துச் சக்கரம், பதினாறு சக்கரம். 2018ல் மார்த்தாண்டத்தில் மேம்பாலம் திறந்தபோது இனி நெரிசல் இருக்காது என்று சந்தோஷப்பட்டோம். பாலத்தை விட்டு இறங்கினால் மறுபடி அதே லாரிக்குப் பின்னால் படந்தாலுமூடு வரை ஊர வேண்டும். ஓவர்லோடு போகக்கூடாது, பள்ளிக்கூட நேரத்தில் ஓடக்கூடாது என்றெல்லாம் சொல்வார்கள். காலையில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் ரோட்டோரம் நிற்க, உரசிக்கொண்டு போகிறார்கள். மழை பெய்தால் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாது, எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு. மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டையை மாற்றினேன். எங்கள் மலையும் போகிறது, எங்கள் ரோடும் போகிறது. கேட்டால் வளர்ச்சி என்கிறார்கள். யாருடைய வளர்ச்சி?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிகிரி முடித்தவர் தாராளமாக இந்த வேலைக்கு வரலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வந்த உடனே தவணையில் வண்டி எடுக்காதீர்கள், ஷோரூம்காரன் எவ்வளவு இனிக்கப் பேசினாலும். ஒரு மாதம் வாடகை வண்டியில் ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் மழை பிடிக்கிற ஜூன் மாதம். எரிபொருள் கணக்கைத் தனியாக எழுதுங்கள். எங்கள் எல்லையில் 2023 ஏப்ரலில் கேரளா பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) போட்டதிலிருந்து அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் களியக்காவிளை பெட்ரோல் பங்க்குக்கு வருகிறது, அதனால் நான் காலையிலேயே மார்த்தாண்டத்தில் அடித்துவிடுவேன். கேஷ் ஆன் டெலிவரி பணத்தையும் சொந்தப் பணத்தையும் ஒரே பையில் போடாதீர்கள், ஒரு நோட்டு குறைந்தாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். 2023 கடைசியில் தமிழ்நாட்டில் நம்மைப் போன்றவர்களுக்கு நலவாரியம் அமைத்திருக்கிறார்கள். 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்றும் அறிவித்தார்கள். சானல் கரையில் பெட்டி தூக்குகிற எனக்கு ஸ்கூட்டர் உதவாது, ஆனாலும் வாரியத்தில் பதிந்து வையுங்கள்.

நீங்கள் விளவங்கோடு தாலுகாப் பக்கமாக இருந்தால் இன்னும் ஒன்று: எங்கள் ஹப்பில் பளுகல் லைனைப் பிரித்து இரண்டாவது ஆள் போடப் போகிறார்கள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், கொஞ்சம் மலையாளம் பேசத் தெரிந்தால் நல்லது. கமென்டில் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் என்னோடு வண்டியில் வரலாம், வீடுகளைக் காட்டித் தருகிறேன்.