வரைபடத்தில் புள்ளி விழுந்தால் பட்டா போய்விடாது

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம். 1880களில் நீலக்குறிஞ்சி சேகரித்த இடம் என்று இணைய வரைபடத்தில் அதன் மேல் ஒரு புள்ளி இருக்கிறது. 'ஹெர்பேரியத்தில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்காமல் விற்க முடியாது, நான் வாங்கித் தருகிறேன்' என்று ஒரு புரோக்கர் முப்பதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். ஹெர்பேரியம் என்பது செடியை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, சீட்டு எழுதிப் பாதுகாக்கும் இடம். கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் ஆகட்டும் (பெயர்தான் மெட்ராஸ்), லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஹெர்பேரியம் ஆகட்டும், உங்கள் நிலத்துக்கு என்.ஓ.சி. கொடுக்க அவர்கள் யார்?

அந்தக் காலத்துச் சீட்டில் 'கோத்தகிரி அருகே, 6000 அடி, பூ நீலம்' என்று இருந்தாலே பெரிது. அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. பிற்பாடு கணினியில் ஏற்றும்போது, கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று ஊரின் நடுவிலோ மாவட்டத்தின் நடுவிலோ ஒரு புள்ளியைக் குத்திவிடுகிறார்கள். எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்று எழுதவும் ஒரு கட்டம் உண்டு. அதை ஒழுங்காக நிரப்பியிருந்தால் இந்தப் புரோக்கருக்குப் பிழைப்பே இல்லை! புள்ளியைச் சொடுக்குங்கள். தாளின் படம் இருந்தால், பெரும்பாலும் வலது கீழ் மூலையில் இருக்கும் சீட்டைப் பெரிதாக்கிப் படியுங்கள். 'வரைபடத்தில் நாலு பதிவு இருக்கிறது' என்று பயமுறுத்தினாலும் அசையாதீர்கள். ஒரே சேகரிப்பின் கிளைகளை நாலு ஹெர்பேரியங்களுக்குப் பிரித்து அனுப்புவது வழக்கம்.

ஆனால் ஒன்று. நீலகிரியில் பட்டா நிலமே 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் விற்க அந்தச் சட்டப்படி அமைந்த மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அது சர்வே எண்ணால் வரும் சிக்கல். புள்ளி இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். சர்வே எண்ணைக் குறிப்பிட்டு தாசில்தார் அலுவலகத்திலும் வன அலுவலகத்திலும் மனு கொடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'அதெல்லாம் இல்லை சார்' என்று கவுண்டரில் சொல்வது பதில் அல்ல.

சரி, நிலத்தில் குறிஞ்சி உயிரோடு நின்றால்? வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட செடிகளுக்கான 3ஆம் அட்டவணையில் அது இருக்கிறது. பிடுங்கி விற்கப் போகாதீர்கள்.

புள்ளி உறுத்தினால், அதைத் திருத்தச் சொல்லி, தாளின் பார்கோடு எண்ணோடு அந்த ஹெர்பேரியத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். காசு செலவில்லை. பதில் வர மாதக்கணக்காகலாம், அதற்காக விற்பனையை நிறுத்தி வைக்காதீர்கள்.