அப்பாவின் கார் திருடு போய்விட்டது. நகையை வைத்து அதேபோல ஒன்று வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர் குறைந்து, 42,000 ரூபாயாக இருந்த சம்பளம் 28,000 ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் அப்பா மாரடைப்பில் இறந்தார். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பணத்தில் 2014-ல் ஒரு வேகன் ஆர் வாங்கினார். எங்கள் வீட்டின் முதல் கார் அது. அவர் போன 52-ஆவது நாள் ராத்திரி, வாசலில் நின்ற அந்தக் கார் திருடு போய்விட்டது. விடியற்காலை வாசல் தெளிக்க வந்த என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். 12 நாள் ஆகிறது. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் இரண்டும் அப்பா பேரிலேயே இருக்கின்றன. ஃபுல் இன்சூரன்ஸ்தான், மார்ச் வரை இருக்கிறது, ஐ.டி.வி. (கார் திருடு போனால் கம்பெனி தர வேண்டிய உச்சத் தொகை) 1,60,000 ரூபாய். மறுநாளே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்தேன். ‘பாலிசிதாரரே இறந்துவிட்டாரே, க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம்’ என்றார்கள். அம்மா தினமும் காலி வாசலைப் பார்த்து அழுகிறார். மனைவியின் நகையை வைத்து, இரண்டரை லட்சத்துக்கு அதே நிறத்தில் ஒரு பழைய வேகன் ஆர் வாங்கிவிடலாமா? அக்காவை ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளிடம் இன்னும் பணம் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு காருக்காக இப்படிக் கலங்குவது சரியா என்றும் தெரியவில்லை. அப்பா பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டு மட்டும் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தின் போட்டோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அந்தப் போட்டோவை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி, லிட்டர், கிலோமீட்டர் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மூன்று கட்டங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘பொள்ளாச்சி கல்யாணம்’, ‘பேத்தி காய்ச்சல், ஆஸ்பத்திரி’. முப்பது வருஷம் டிரிப் ஷீட் எழுதிய கை அது. ஊராருக்கெல்லாம் வண்டி ஓட்டியவர் கடைசியில் தன் குடும்பத்துக்காக ஓட்டிய வண்டி அது. அது போனதற்கு நீங்கள் கலங்காமல் யார் கலங்குவார்கள்? அழுகை வந்தால் அழுங்கள். அதில் சரி, தப்பு என்று எதுவும் இல்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியில் போனில் சொன்னது தப்பு. வண்டியின் உரிமையாளர் இறந்தால் அவருடைய பாலிசி அன்றைக்கே செத்துவிடுவதில்லை. இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். இது நம் நாட்டு மோட்டார் பாலிசியிலேயே அச்சடித்திருக்கும் நிபந்தனை. அப்பாவின் பாலிசியை எடுத்து, ‘இன்ஷூர்டு இறந்தால்’ என்று தொடங்கும் பத்தியைத் தேடிப் படியுங்கள். திருட்டு நடந்தது 52-ஆவது நாள். அன்று பாலிசி உயிரோடு இருந்தது. நீங்கள் வாரிசாக க்ளெய்ம் கேட்கலாம்.

ஆனால் அதே மூன்று மாதத்துக்குள், வாரிசு என்ற முறையில் இறப்புச் சான்றிதழ், உரிமைக்கான ஆதாரம், பாலிசியின் அசல் ஆகியவற்றோடு பாலிசியை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எனக்கு எழுதியது 64-ஆவது நாள். நான்கு வாரம்கூட முழுசாக இல்லை. ஆகவே இந்த வாரமே ஒரு கடிதம் போக வேண்டும். அப்பா இறந்த தேதி, கார் காணாமல் போன தேதி, புகார் கொடுத்த தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். மறுநாளே போனில் சொன்னதையும் நேரம் போட்டு எழுதுங்கள். ஒன்றைக் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், இன்னொன்றை மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசியதற்கு எந்த மதிப்பும் இல்லை, காகிதத்தில் இருப்பதுதான் நிற்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் என் ஸ்கூட்டர் திருடு போனபோது போனில் சொன்னால் போதும் என்று நம்பி, பிறகு மாதக்கணக்கில் அலைந்தேன்.

‘இத்தனை நாள் கழித்து எழுதுகிறீர்களே’ என்று அவர்கள் கேட்கலாம். திருட்டு நடந்ததும் எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், கம்பெனிக்குத் தெரிவிக்கத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எஃப்.ஐ.ஆர். முக்கியம். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே, அதை வைத்து க்ளெய்ம் நகராது. நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) திருட்டுக்கான 303-ஆவது பிரிவில் வழக்குப் பதிவு செய்து எஃப்.ஐ.ஆர். நகல் தரச் சொல்லுங்கள். நகல் இலவசம். தட்டிக் கழித்தால் மாநகர காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். சி.எஸ்.ஆர். ரசீதையும் பத்திரமாக வையுங்கள். அன்றைக்கே புகார் கொடுத்ததற்கு அதுதான் சாட்சி.

அப்புறம், அப்பாவின் போன் நம்பர். இறந்தவரின் சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். காரின் ஃபாஸ்டேக் அந்த நம்பரோடுதான் இணைந்திருக்கும். வண்டி விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டியிருந்தால் காசு பிடித்த எஸ்.எம்.எஸ். அந்த போனில்தான் கிடக்கும். திருட்டு நடந்த நாளிலிருந்து வந்த எல்லா மெசேஜையும் பாருங்கள். ஏதாவது இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கேட்டுக்கொண்டு ஃபாஸ்டேகை முடக்குங்கள். இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, புதிதாக அபராதம் ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கோ ஒரு கேமராவில் மாட்டியிருந்தால் ஊர் தெரிந்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: வாட்ஸ்அப் குழுக்களில் கார் போட்டோவோடு உங்கள் நம்பரைப் போட்டிருந்தால், ‘வண்டி எங்களிடம் இருக்கிறது, வழிச்செலவுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று யாராவது கூப்பிடலாம். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த நம்பரை ஸ்டேஷனில் கொடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். அப்பாவின் சாவிக்கொத்தில் ஒன்று இருக்கும். இரண்டாவது பீரோவிலோ அவருடைய பழைய டிபன் பையிலோ இருக்கலாம், தேடுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று உண்மையை எழுதிக் கொடுங்கள். கடையில் புதிதாக ஒரு டூப்ளிகேட் போட்டுக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைச் செய்தால், ஒழுங்கான க்ளெய்மும் மோசடி க்ளெய்மாகத் தெரிய ஆரம்பித்துவிடும். விசாரணைக்கு வருபவர் கடைசியாக வண்டியை யார் ஓட்டியது, எப்போது பெட்ரோல் போட்டது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்றெல்லாம் கேட்பார். அப்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். அசலைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டீர்களா? தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும், இன்றே போடுங்கள். அதே சான்றிதழ் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அப்பாவின் வங்கிக் கணக்குக்கும்கூடத் தேவைப்படலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் உரிமையாளர் இறந்தது, வண்டி திருடு போனது இரண்டையும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போலீஸ் தேடிப் பார்த்துவிட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று இறுதி அறிக்கை தர வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம் வரும். அதற்குச் சில மாதங்கள் ஆகும் என்று மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள். இதற்கிடையே கார் கிடைத்துவிட்டால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் வளாகத்தில் வருஷக்கணக்கில் வெயிலில் காய விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. பணம் வாங்கிய பிறகு கிடைத்தால் வண்டி கம்பெனிக்குச் சொந்தம்.

எழுத்தில் மறுத்தால், முதலில் அதே கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

சரி, நகை. வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டரை லட்சத்துக்கு வருஷம் 10 சதவீதம் வட்டி என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 25,000, மாதம் 2,083 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அப்பாவின் நோட்டுப்படி மாதம் சராசரியாக 18 லிட்டர். அதற்கு ஏறக்குறைய 1,800 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், பழைய வண்டிக்கு எப்போதும் ஏதாவது ஒன்று என்று மாதம் ஆயிரம். ஆக 28,000 சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாய் காருக்குப் போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாமலே. வருஷம் முடியும்போது முழுசாகத் திருப்ப வேண்டும். முடியாவிட்டால் வட்டியைக் கட்டி மாற்றி வைக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி வைத்தே ஏலத்துக்குப் போன நகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் இன்னும் குறைந்தால், வேலையே இல்லாத ஒரு மாதத்தில் வீட்டைக் காப்பாற்ற உங்களிடம் இருப்பது அந்த நகை ஒன்றுதான். அதை இப்போது கைவிடாதீர்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்கோ ஒரு விசேஷத்துக்கோ கூட்டிப்போக மாதம் ஒரு நாள் வாடகைக் கார் பிடித்தாலும் இந்த ஐயாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

க்ளெய்ம் பணம் வந்ததும் நகையை மீட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் உங்கள் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டாயப் பிடித்தம் ஆயிரம் ரூபாய் போக 1,59,000 வரலாம். ஆனால் அது அப்பாவின் சொத்து. அவர் உயில் எதுவும் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சமபங்கு. உங்கள் பங்கு 53,000 மட்டுமே. க்ளெய்மை உங்கள் பெயரில் வாங்கவே அக்காவின் ஒப்புதல் கடிதம் தேவைப்படும். போனில் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், அவருக்கும் அது அப்பாதான். மொத்தப் பணத்தையும் அம்மா பேரில் வைப்பு நிதியாகப் போடலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம். உங்கள் வீட்டுச் செலவு மாதம் 24,000 என்றாலும், அந்த 1,59,000 ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அதே நிறத்தில் ஒரு வேகன் ஆர் வந்து வாசலில் நின்றால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கதவைத் திறந்தால் அதில் வேறு யாருடைய வாசமோ இருக்கும். சீட் வேறு யாருக்கோ பழகியிருக்கும். வாங்குவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டீர்களா? அவர் வாசலைப் பார்த்து அழுவது காருக்காக மட்டும் இருக்காது. சாயங்காலம் அவரோடு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சம்பளம் பழையபடி வந்து, கையில் ஆறு மாதச் செலவும் சேர்ந்த பிறகு கார் பற்றி யோசிக்கலாம். அப்போது எனக்கு எழுதுங்கள், பட்ஜெட் போட்டுத் தருகிறேன்.

இப்போதைக்கு அந்தக் கடிதம்தான் முக்கியம். வாரிசு சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்ப எண், இறப்புச் சான்றிதழ், பாலிசியின் அசல், சி.எஸ்.ஆர். ரசீதின் நகல் நான்கையும் இணைத்து, ‘சான்றிதழ் கிடைத்ததும் சமர்ப்பிக்கிறேன்’ என்று எழுதி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து சீல் வாங்கிவிடுங்கள்.