கேள்வி – பதில்: மாநிலங்கள் கூடி உருவாக்கிய மத்திய அரசு

கேள்வி: நம் நாட்டில் 356ஆவது பிரிவைப் பயன்படுத்துவதுபோல, அமெரிக்க அதிபர் ஒரு மாநில அரசைக் கலைக்க முடியுமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியாது. கலைப்பது இருக்கட்டும், மாநில ஆளுநரை நியமிப்பதற்கோ நீக்குவதற்கோகூட அவருக்கு அதிகாரம் இல்லை. அங்கே ஆளுநர் என்பவர் ஏறக்குறைய நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். மாநில மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்புச் சட்டமும் தனி உச்ச நீதிமன்றமும் உண்டு.

இதற்குக் காரணம், மத்திய அரசு பிறப்பதற்கு முன்பே அங்கே மாநிலங்கள் இருந்தன என்பதுதான். பிரிட்டனிடமிருந்து விடுபட்ட 13 மாநிலங்களும் 1781இல் ஓர் ஒப்பந்தத்தின்கீழ்த் தளர்வாக இணைந்திருந்தன. அந்த ஏற்பாட்டில் பொது அவையான காங்கிரஸுக்கு வரி விதிக்கும் உரிமையே இல்லாததால், போர்க் கடனை அடைக்கவும் படைவீரர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்கவும் அது மாநிலங்களிடம் கையேந்த வேண்டியிருந்தது. 1786இல் மாசச்சூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, அதை எதிர்கொள்ளப் போதிய படையைத் திரட்டவும் காங்கிரஸால் இயலவில்லை. இந்நிலையைச் சீர்செய்ய 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள்தான் இன்றைய அரசமைப்புச் சட்டத்தை எழுதினார்கள். ரோட் ஐலண்ட் மாநிலம் அந்தக் கூட்டத்துக்கு ஆளே அனுப்பவில்லை.

அதிபர் ஒரு மாநிலத்துக்குப் படை அனுப்பியதுண்டு. 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதை ஆளுநர் ஃபாபஸ் தடுத்தபோது, நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். அம்மாநிலத்தின் தேசியக் காவல் படையையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆனால் ஃபாபஸைப் பதவியிலிருந்து இறக்க அவரால் முடியவில்லை. ஃபாபஸ் அதன் பிறகும் தேர்தல்களில் வென்று, 1967 ஜனவரி வரை ஆளுநராகவே நீடித்தார். மாநில உரிமை எப்போதும் நல்லவர்களின் கையில்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் மத்திய அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது? – வாசகர், ஈரோடு

பதில்: ஏட்டில் எல்லை தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எந்தெந்தப் பொருள்களில் சட்டம் இயற்றலாம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பின் எட்டாம் பிரிவு பட்டியலிடுகிறது: வரி, நாணயம், அஞ்சல், போர் அறிவிப்பு, வெளிநாட்டு வாணிபம், மாநிலங்களுக்கு இடையிலான வாணிபம் போன்றவை. மத்திய அரசுக்குத் தரப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது 1791இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம். நம் நாட்டில் எஞ்சிய அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பதற்கு இது நேர்மாறானது. திருமணம், பள்ளிக்கல்வி, காவல்துறை, பெரும்பாலான குற்றவியல் சட்டங்கள் ஆகியவை மாநிலங்களின் பொறுப்பில் இருப்பது இதனால்தான். டெக்சாஸில் மரண தண்டனை உண்டு. மிச்சிகன் மாநிலமோ கொலைக்கு மரண தண்டனை விதிப்பதை 1840களிலேயே ஒழித்துவிட்டது.

நடைமுறையில் அந்த எல்லை வெகுதூரம் நகர்ந்துவிட்டது. கோதுமை விலை சரியாமல் காப்பதற்காக மத்திய அரசு சாகுபடிப் பரப்புக்கு வரம்பு விதித்திருந்த காலத்தில், ஒஹையோ மாநில விவசாயி ராஸ்கோ ஃபில்பர்ன் தமக்கு அனுமதிக்கப்பட்ட 11.1 ஏக்கருக்குப் பதிலாக 23 ஏக்கரில் பயிரிட்டார். கூடுதலாக விளைந்ததைத் தம் பண்ணையிலேயே பயன்படுத்திக்கொள்ளும்போது, அது எப்படி மாநிலங்களுக்கு இடையிலான வாணிபமாகும் என்பது அவருடைய வாதம். எல்லா விவசாயிகளும் இப்படியே செய்தால் சந்தையில் கோதுமை வாங்க ஆள் குறையும், அது நாடு முழுவதும் விலையைப் பாதிக்கும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1942இல் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தத் தர்க்கத்தை இழுத்துக்கொண்டே போனால் கொல்லையில் போடும் கீரைப்பாத்திக்கும் காங்கிரஸ் சட்டம் இயற்றலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் 1995இல் அதே நீதிமன்றம், பள்ளிக்கூடங்களுக்கு அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்த மத்தியச் சட்டத்தை, அது வாணிபம் சார்ந்ததல்ல என்று கூறி ரத்து செய்தது.

சட்டத்தால் எட்ட முடியாததைப் பணத்தால் எட்டும் வழியும் உண்டு. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி கிடைக்காது என்று 1984இல் காங்கிரஸ் சட்டம் செய்தது. தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்து 1987இல் தோற்றது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பணிந்தன.

கேள்வி: கலிபோர்னியாவுக்கும் வயோமிங்குக்கும் செனட்டில் சம இடம் தருவது நியாயமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் ஏறத்தாழ 3.95 கோடிப் பேர். வயோமிங்கில் ஆறு லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் தலா இரண்டு செனட்டர்கள். தலைக்கணக்குப்படி இது நியாயமில்லை. ஆனால் பிலடெல்பியாவில் சிறிய மாநிலங்கள் இதை விட்டுக்கொடுக்க மறுத்ததால், மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்குச் சம இடமாகச் செனட் என்று சமரசம் செய்துகொள்ளப்பட்டது. ஒரு மாநிலத்தின் சம வாக்குரிமையை அதன் சம்மதமின்றிப் பறிக்கக் கூடாது என்றும் எழுதிவைத்துவிட்டார்கள். எனவே, இப்போதைக்கு இதை மாற்ற வழியில்லை.

கேள்வி: சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு எந்தப் பிரிவில் தரப்பட்டுள்ளது? – வாசகர், புதுச்சேரி

பதில்: வெளிப்படையாக எந்தப் பிரிவிலும் இல்லை. 1803இல் மார்பரி என்பவரின் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அளித்த தீர்ப்பே அதை நிலைநாட்டியது. மார்பரிக்கு நியமன ஆணை போய்ச் சேராததே வழக்குக்குக் காரணம். அதை அனுப்பாமல் விட்டவர், அப்போது வெளியுறவு அமைச்சராகவும் இருந்த அதே மார்ஷல்! இன்றைய நெறிமுறைப்படி அவர் அந்த வழக்கைத் தொட்டிருக்கவே கூடாது.

கேள்வி: நாம் நூறு திருத்தங்களைத் தாண்டிவிட்டோம், அவர்கள் 27இலேயே நிற்பது ஏன்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்த பிறகும், நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 50இல் 38, ஏற்க வேண்டும். நம் நாட்டில் பல திருத்தங்களுக்கு நாடாளுமன்றமே போதும். மாநிலங்களைக் கேட்க வேண்டியவற்றுக்கும் பாதி மாநிலங்களின் ஒப்புதல் போதும்.

காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்ற 27ஆவது திருத்தம் 1789இல் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டு, 1992இல்தான் நிறைவேறியது. அதற்குக் கெடு விதிக்கப்படாததால் இது சாத்தியமாயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை வழங்கும் திருத்தத்தை 1972இல் அனுப்பியபோது காங்கிரஸ் ஏழு ஆண்டுக் கெடு விதித்தது. பின்னர் அதை 1982 வரை நீட்டித்தும் 35 மாநிலங்களுக்கு மேல் தேறவில்லை. 38ஆவது மாநிலமாக விர்ஜினியா 2020இல் ஒப்புதல் தந்தபோது, கெடு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஒப்புதல் செல்லுமா என்ற வாதம் அங்கே நீதிமன்றங்கள்வரை சென்றது. திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை.