காரீயம்-203 கூடங்குளத்தில் உருவாகுமா?

வள்ளியூர்த் தம்பிக்கு, கூடங்குளம் அணு உலையில் காரீயத்தின் கதிரியக்க வடிவமான காரீயம்-203 தயாரிக்கலாமா, அது சிதைந்து 10 நாளில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டிருந்தீர்கள். உலை அதற்கு ஏற்ற இடமன்று. அங்கே உட்கருவில் நியூட்ரான் சேரும். இதுவோ நிலையான காரீயங்களைவிட நியூட்ரான் குறைந்தது. எனவே துகள்களை வேகப்படுத்தும் கருவியான சைக்ளோட்ரானில், தாலியம் என்ற உலோகத்தின் மீது புரோட்டான்களை மோதவிட்டுத் தயாரிக்கிறார்கள். அந்த நியூட்ரான் பற்றாக்குறையால்தான் இது நீங்கள் எழுதியபடி பிஸ்மத் ஆவதில்லை. உட்கரு தன் அணுவின் எலக்ட்ரான் ஒன்றையே கவர்ந்து, நிலையான தாலியம்-203 ஆகிறது. இதை முதலில் திருத்துங்கள்.

அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 52 மணி நேரம். 10 நாளின் 240 மணியை 52ஆல் வகுத்தால் 4.6 அரை ஆயுள்கள், மிஞ்சுவது சுமார் 4 விழுக்காடு.

காரீயம்-203 வெளியிடும் 279 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். காரீயத்தின் இன்னொரு கதிரியக்க வடிவமான காரீயம்-212 கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை தருமுன், மருந்து உடலில் எங்கே சேர்கிறது என்று படமெடுக்க உதவுவது அதுதான். எவ்வளவு அழகான இணை!