டிடிஆர்5 6000 ராமுக்கு எக்ஸ்போ (பெட்டியில் சொன்ன வேகத்தில் ராமை ஓட்டும் ஏஎம்டி செட்டிங்) போட்டிருக்கிறேன். நிலையாக ஓடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? 6400க்கு ஏற்றினால் பலன் உண்டா?

விண்டோஸ் திறந்துவிட்டது, கேம் ஓடுகிறது என்பதால் மட்டும் ராம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். உங்களுடையது ரைசன் 7000 வரிசை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் வைத்திருப்பதும் அதுதான். அந்த பிராசஸர்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ராம் வேகம் 5200 வரைதான். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், எக்ஸ்போவை ஆன் செய்தாலே அது ஓவர்கிளாக். வோல்டேஜும் 1.1இலிருந்து பல கிட்களில் 1.35க்கு ஏறிவிடும்.

முதலில் எக்ஸ்போவை அணைத்து, சாதாரண வேகத்தில் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓடும் என்பதால் விண்டோஸுக்கு ஆபத்தில்லை. அங்கேயே பிழை காட்டினால் பெரும்பாலும் ஸ்டிக்கே பழுது, வாரண்டியில் மாற்றிக்கொள்ளலாம். அது தேறினால் எக்ஸ்போவைப் போட்டு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற சோதனை மென்பொருள், அதில் ஆன்டா777 எக்ஸ்ட்ரீம் கான்ஃபிக். அப்புறம் ஒய்-க்ரஞ்சரில் விடி3 சோதனை. பிராசஸருக்குள் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரை இது நன்றாகவே வாட்டி எடுக்கும். இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. கெட்டுப்போன ஒரு பிட் உங்கள் குடும்பப் போட்டோக்களை வேறு டிஸ்குக்கு நகலெடுக்கும்போது சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். தெரிய வரும்போது மூலக் கோப்பை அழித்திருப்பீர்கள். கேம் பாதியில் நிற்பதைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

டிடிஆர்5இல்தான் ஈசிசி (பிழை திருத்தும் வசதி) இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அது சிப்புக்குள் சேமித்த தகவலில் வரும் ஒற்றை பிட் பிழையை மட்டும் திருத்தும். சிப்புக்கும் பிராசஸருக்கும் நடுவே போகும் பாதையில் கெடுவதை அது பார்க்காது. ஓவர்கிளாக்கில் அதிகம் தடுமாறுவதே அந்தப் பாதைதான்.

வெப்பத்தை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ராமின் ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன மின்தேக்கி. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், சூடு ஏற ஏற இன்னும் வேகமாக. அதனால்தான் கன்ட்ரோலர் 3.9 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்கிறது. 85 டிகிரிக்கு மேல் போனால் இந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பது விதி. 6000 வேகத்தில் 3.9 மைக்ரோ செகண்ட் என்பது 11,700 கிளாக். இன்டர்நெட்டில் பார்த்து இந்த இடைவெளியைக் கிளாக் கணக்கில் குறிக்கும் டிஆர்இஎஃப்ஐ செட்டிங்கை 65535 என்று வைப்பவர்கள் அந்த இடைவெளியை ஐந்து மடங்குக்கு மேல் நீட்டுகிறார்கள். வேகம் நிஜமாகவே கூடும். ஆனால் ஏசி அறையில் ராத்திரி தேறிய செட்டிங், மே மாத மதியத்தில், கிராபிக்ஸ் கார்டின் அனல் ராம் மேல் அடிக்கும்போது கவிழலாம். ஆகவே கார்டுக்கும் சேர்த்து லோடு கொடுத்துச் சோதியுங்கள். ஸ்டிக்கின் வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். நான் 55 டிகிரியைத் தாண்டவிடுவதில்லை. சின்ன ஃபேன் ஒன்றை ராம் பக்கம் திருப்பி வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

சரி, 6400? கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஎல் என்பது கேட்ட தகவலைத் தரத் தொடங்க ராம் எடுக்கும் கிளாக் எண்ணிக்கை. 6000 சிஎல் 30 என்றால் 10 நானோ செகண்ட். 6400 சிஎல் 32 என்றாலும் அதே 10தான். பேண்ட்வித் மட்டும் காகிதத்தில் நொடிக்கு 96 ஜிபியிலிருந்து 102.4 ஆகும். இதற்காக மெமரி கன்ட்ரோலர் ராமின் கிளாக்குக்குச் சமமாக 3200 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு ஒன்று ஓட வேண்டும். எல்லா பிராசஸரும் அதைத் தாங்காது. தாங்காமல் மதர்போர்டு கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிட்டால் தாமதம் கூடி, பல கேம்களில் 6000ஐவிட மோசமாகும். தாங்க வைக்க எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை) ஏற்றத் தோன்றும். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி (கூடுதல் கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே வேக நினைவகம் உள்ள வகை) சில எரிந்துபோன பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது நினைவிருக்கட்டும். நானாக இருந்தால் 6000இலேயே நின்று சிஎல் போன்ற டைமிங்குகளை ஒவ்வொன்றாக இறுக்குவேன், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதித்து. எக்ஸ்3டி சிப் என்றால் அதுகூட அவசரமில்லை. பெரிய கேஷ் இருப்பதால் ராம் வேகத்தின் பலன் குறைவு.

செட்டிங் மாற்றியதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருந்தால் பதறி பவர் பட்டனை அழுத்தாதீர்கள். போர்டு ராமை டிரெயினிங் (புதிய செட்டிங்குக்கு ஏற்பப் பழக்குவது) செய்துகொண்டிருக்கும். பதினைந்து நிமிடம் கழித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் கிளியர் சிமாஸ் (போர்டில் சேமித்த செட்டிங்குகளை அழிப்பது) செய்து பழைய செட்டிங்குக்குத் திரும்புங்கள்.