ஒளிந்தது சர்வருக்குத் தெரிய வேண்டும்

கேள்வி: 'ஸ்டார் சிட்டிசன்' விண்வெளி விளையாட்டில் கப்பலை விட்டு இறங்கி, துப்பாக்கி ஏந்திச் சண்டையிடும் பகுதியை மேம்படுத்தப் போகிறார்களாம். குறிபார்ப்பது, சுடும்போது துப்பாக்கி உதறுவது, எதிரிகளின் நடமாட்டம் எல்லாம் மாறும் என்கிறார்கள். இதை நம்பி, விளையாட்டுக்குள் ஓட்டும் ஒரு பெரிய கப்பலுக்கு இப்போதே நிஜப் பணம் கட்டலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கட்டாதீர்கள். துப்பாக்கிச் சண்டை நன்றாக வரும் என்று கப்பல் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

2012-ல் மக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய விளையாட்டு இது. 2014-ல் வந்துவிடும் என்றார்கள். துப்பாக்கிச் சண்டைக்கென்றே அறிவித்த 'ஸ்டார் மரீன்' 2015-ல் வந்திருக்க வேண்டும். 2016 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. 2022-ல் திரண்ட தொகை 50 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. விளையாட்டோ இன்னும் ஆல்பா நிலையில்தான், அதாவது முழுமையடையாத சோதனைப் பதிப்பாகத்தான் இருக்கிறது. 'வரப்போகிறது' என்று அவர்கள் சொல்வதை வைத்து நாள் குறிக்க முடியாது.

இதை வெறுப்பில் எழுதவில்லை. விமானி இருக்கையை விட்டு எழுந்து, கப்பலுக்குள்ளேயே நடந்து, சரிவுப் பலகை வழியே ஒரு கோளின் மண்ணில் கால் வைக்கும் அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2021 நவம்பரில் வந்த 3.15 பதிப்பு அதற்கு இன்னும் கனம் கூட்டியது. அதன்பின் குண்டு பட்டால் காயம் உடலோடு தங்குகிறது. மருந்தோ மருத்துவப் படுக்கையோ தேட வேண்டும். செத்தால், சுமந்து வந்த பொருள்கள் சடலத்தோடு கிடக்கும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் பறந்து வந்து சேர்த்ததை ஒரே குண்டில் இழக்கலாம் என்னும்போது, அந்தக் குண்டு நியாயமானதாக இருக்க வேண்டாமா?

என் அக்கா மகன் உங்கள் அல்சூரில்தான் இருக்கிறான். போன மாதம் ஒரு மழை இரவில் அவன் வேறொரு துப்பாக்கி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்தான். திரையில் சுவர் மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு செத்தான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மாமா, நான் ஒளிந்துவிட்டேன். சர்வருக்குத்தான் தெரியவில்லை" என்றான்.

உங்கள் கேள்விக்கான பதில் அவன் சொன்னதிலேயே இருக்கிறது. எல்லாருடைய ஆட்டத்தையும் இணைக்கும் மையக் கணினிதான் சர்வர். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை அது நொடிக்கு 30 முறை கணக்கிட்டால், ஒவ்வொரு கணக்குக்கும் இடையே 33 மில்லி விநாடி. கூட்டம் சேர்ந்து அது 5 முறையாகக் குறைந்தால் 200 மில்லி விநாடி. நொடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறவன் அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான். வாசலைத் தாண்டி உள்ளே போக அது போதும். 'வேலரண்ட்' என்ற துப்பாக்கி விளையாட்டின் சர்வர் நொடிக்கு 128 முறை கணக்கிடுவது இதற்காகத்தான். போதாததற்குத் தூரம் வேறு. இணையத் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால்கூட, பெங்களூரிலிருந்து போய்த் திரும்ப 30 மில்லி விநாடிக்குக் குறையாது.

துப்பாக்கி எவ்வளவு அழகாக உதறினாலும் இந்தக் கணக்கு மாறாது. எதிரிகளின் நடமாட்டமும் அப்படியே. நாற்காலி மேல் ஏறி மரம் போல நிற்கும், கணினி இயக்கும் காவலர்களை 'ஸ்டார் சிட்டிசன்' ஆடுகிறவர்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்துவிட்டார்கள். சர்வருக்கு மூச்சு முட்டும்போது அந்தக் காவலர்களின் மூளையும் நின்றுவிடுகிறது. ஒரே விண்மீன் மண்டலத்தைப் பல சர்வர்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறை 2024 டிசம்பரில் 4.0 பதிப்போடு வந்தது. என்னைக் கேட்டால், துப்பாக்கிச் சண்டைக்கு இதுவரை செய்தவற்றில் உருப்படியானது அதுதான். துப்பாக்கியை அவர்கள் தொடவே இல்லை என்றாலும் இதைச் சொல்வேன்.

நவம்பர் மாதக் கப்பல் கண்காட்சியை ஒட்டிச் சில நாள்கள் இலவசமாக ஆட விடுவது அவர்கள் வழக்கம். அதுவரை பொறுங்கள். உங்கள் கணினியில், உங்கள் வீட்டு இணைய இணைப்பில், ஆள்கள் மிகுந்திருக்கும் இரவு நேரத்தில், விளையாட்டில் வரும் ஒரு பதுங்குகுழிக்குள் இறங்குங்கள். சுடுவது இருக்கட்டும், முதலில் ஒரு பெட்டிக்குப் பின்னால் முழுதாக ஒளிந்துகொள்ளுங்கள். அதன் பிறகும் குண்டு பட்டால், பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.